ஹெட்கியர் மாட்டும் பெரியவர்களுக்கு: எங்கே வலிக்கிறது, எதைப் பார்ப்பது

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள் தொங்கும். என்ன கோளாறு, முதலில் எதைப் பார்ப்பது, அதற்கு மேல் யாரைக் கூப்பிடுவது என்று மூன்று கட்டம். 36 வயதில் எனக்கு ஹெட்கியர் (பல்லைச் சீராக்க, பிரேசஸ் எனும் பல் கம்பியோடு சேர்த்து, கழுத்துப்பட்டையாலோ தலைப்பட்டையாலோ மாட்டும் சாதனம்) கொடுத்தபோது கிளினிக்கில் கண்ணாடி முன் உட்கார வைத்து மாட்டவும் கழற்றவும் பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பக்கம் மட்டும் குத்தினால் என்ன செய்வது என்பதற்குத் தாள் எதுவும் இல்லை. 14 மாதத்தில் நானே ஒன்றொன்றாகத் தெரிந்துகொண்டதையும், ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டதையும் அந்தத் தாள் மாதிரியே எழுதுகிறேன். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே பின்பற்றுங்கள். உங்கள் வாயைப் பார்த்தவர் அவர்தான்.

பெரியவர்களுக்கு எதற்கு இது என்று பலரும் கேட்கிறார்கள். வளரும் பிள்ளைகளுக்கு மேல்தாடையின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்த ஹெட்கியர் போடுவார்கள். நமக்கு வளர்ச்சி முடிந்துவிட்டது. நம் வாயில் அது செய்யும் வேலை நங்கூரம் போடுவது. பல்லைப் பிடுங்கி இடம் உண்டாக்கி, துருத்திய முன்பல்லைப் பின்னால் இழுக்கும்போது, அதே இழுப்பில் கடைவாய்ப் பல் முன்னால் நகர்ந்து வந்து அந்த இடத்தைத் தின்றுவிடும். அதை நகரவிடாமல் பின்பக்கம் பிடித்து வைப்பதுதான் ஹெட்கியர். இப்போதெல்லாம் இதற்குப் பெரும்பாலும் எலும்பில் சின்ன ஸ்க்ரூ வைக்கிறார்கள். எனக்கும் வைத்தார்கள், இரண்டு முறை ஆடிப்போய்க் கழன்றது. அதற்குப் பிறகுதான் இது.

பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன், கிளினிக்குக்குப் போன் செய்யும்போது தேவைப்படும். வாய்க்குள்ளேயும் வெளியேயும் வரும் இரட்டைக் கம்பிக்கு ஃபேஸ்போ என்று பெயர். உள்வளைவின் இரண்டு நுனிகளும் மேல் கடைவாய்ப் பல்லைச் சுற்றி ஒட்டியிருக்கும் உலோக வளையமான பேண்டின் குழாய்க்குள் போகும். வெளிவளைவு கன்னத்தை ஒட்டிப் போய்க் கொக்கியாக முடியும். அந்தக் கொக்கியில் கழுத்துப்பட்டையோ தலைப்பட்டையோ மாட்டும். பட்டைக்கும் கொக்கிக்கும் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டுதான் சேஃப்டி கிளிப். யாராவது பிடித்து இழுத்தால் அது தானாகக் கழன்றுகொள்ள வேண்டும்.

கீழே வருகிற எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல்: மந்தமான வலி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, நாளுக்கு நாள் குறைகிறது என்றால் வேலை நடக்கிறது. சுருக்கென்ற வலி, ஒரு பக்கம் மட்டும், நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் ஏதோ இடம் மாறியிருக்கிறது.

இரண்டு பக்கக் கடைவாயும் வலிக்கிறது, மெல்ல முடியவில்லை

மாட்டத் தொடங்கியதும் மூன்று முதல் ஐந்து நாள் இது பெரும்பாலானவர்களுக்கு வரும். பட்டையை ஒரு துளை இறுக்கிய பிறகும் ஓரிரு நாள் வரும். பல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு அழுத்தத்தில் கன்றிப்போவதால் வரும் வலி இது. வேண்டுமானால் பாராசிட்டமால், அட்டையில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் போகாமல். ரசம் விட்டுக் குழைத்த சோறு, கஞ்சி, ஊறவைத்த இடியாப்பம், தௌஃபூ ஃபா (மெத்தென்ற சோயா இனிப்பு) என்று ஒரு வாரம் ஓட்டலாம்.

வலிக்கிறதே என்று இரண்டு மூன்று ராத்திரி மாட்டாமல் விடுவதுதான் இங்கே எல்லாரும் செய்யும் தவறு. நானும் செய்தேன். நான்காம் நாள் மாட்டியபோது முதல் நாள் வலி அப்படியே திரும்பி வந்தது. தொடர்ந்து மாட்டுகிறவருக்கு வலி ஒரு தடவை. விட்டு விட்டு மாட்டுகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் முதல் தடவை. ஒரு வாரம் தாண்டியும் குறையவில்லை என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் கூப்பிடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது

முதலில் பட்டையின் துளைகளை எண்ணுங்கள். இடது பக்கம் நான்காவது, வலது பக்கம் ஐந்தாவது என்று மாட்டியிருந்தால் அதுதான் காரணம். தூக்கக் கலக்கத்தில் இது சுலபமாக நடக்கும். சரியான துளையில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன். லைட் போடாமலே விரலில் மேடு தட்டுப்படும்.

துளை சரியாக இருந்தால் கண்ணாடி முன் நின்று வெளிவளைவைப் பாருங்கள். அதன் இரண்டு பக்கக் கம்பியும் கன்னத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா? ஒன்று கண் பக்கம் ஏறி, மற்றது தாடை பக்கம் இறங்கியிருந்தால் கம்பி வளைந்துவிட்டது. ஒரு பக்கமாகவே படுத்துத் தூங்குகிறவர்களுக்குத் தலையணை அழுத்தி அழுத்தி இப்படி ஆகும். அதைக் கையால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள். வெளியே ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் உள்ளே பல் இழுபடும் திசை மாறிவிடும். போகக்கூடாத பக்கம் சாய்ந்த பல்லைத் திருப்பிக் கொண்டுவர மாதக்கணக்கு ஆகும். வளைந்த கம்பியை மாட்டாமல் பெட்டியில் போட்டு கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள்.

இணையத்திலும் அழகு நிலையங்களிலும் மலிவாகப் போலி பிரேசஸ் போட்டுவிடுகிறவர்கள் இங்கே இருப்பது எல்லாருக்கும் தெரியும். "கம்பிதானே, நான் வளைத்துத் தருகிறேன்" என்று அப்படி யாராவது சொன்னால் கொடுத்துவிடாதீர்கள். 2018-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி, மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவர்தான் இந்த வேலையைச் செய்யலாம்.

கம்பி குழாய்க்குள் போகவே மாட்டேன் என்கிறது

முதல் வாரம் எனக்கு இதில்தான் கண்ணீர் வந்தது. வலது நுனி உள்ளே போய்விடும். இடது நுனி குழாய்க்கு வெளியே, கன்னப் பக்கமாகத் தள்ளி நிற்கும். அளவு தப்பாகச் செய்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். தப்பில்லை. பின்னுக்கு இழுபடும்போது கடைவாய்ப் பல் உள்பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்று உள்வளைவை வேண்டுமென்றே கொஞ்சம் அகலமாக வைப்பார்கள். ஒரு பக்கம் நுழைத்ததும் அந்த நுனி நழுவாமல் கட்டை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். மறு கையால் மற்ற நுனியை உள்பக்கமாக மெதுவாக அமுக்கிக்கொண்டே குழாய் வாயைத் தேடுங்கள். கண்ணாடியைப் பார்க்காமல் நாக்கு நுனியாலும் விரலாலும் தேடினால் எனக்குச் சீக்கிரம் கிடைக்கிறது. கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிவதால் கை குழம்புகிறது. உள்ளே போய்ச் சேர்ந்ததும் ஒரு சின்னத் தட்டல், கம்பி இனி நகராது என்று விரலுக்கே தெரியும். இரண்டு பக்கமும் அந்தத் தட்டல் கேட்ட பிறகுதான் பட்டையை எடுக்க வேண்டும்.

நேற்று வரை போன கம்பி இன்று போகவில்லை என்றால் குழாய்க்குள் சாப்பாடு அடைத்திருக்கும். நாசி கண்டார் (பலவிதக் கறியோடு சோறு) சாப்பிட்ட ராத்திரிகளில் எனக்கு அடிக்கடி ஆகும். பல்லிடுக்கு பிரஷை ஈரமாக்கி உள்ளே விட்டு இரண்டு முறை சுற்றினால் போதும். ஊசி, பின் எதையும் விடாதீர்கள்.

காலையில் எழுந்தால் தலையணை பக்கத்தில் கிடக்கிறது

இதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். பட்டையைக் கழற்றி, கம்பியை எடுத்து, ஒழுங்காக ஓரமாக வைத்திருந்தால், தூக்கத்தில் உங்கள் கைதான் எடுத்திருக்கிறது. முதல் மாதம் பலருக்கு இது நடக்கும், தானாக நிற்கும். படுக்க இரண்டு மணி நேரம் முன்பே மாட்டிக்கொண்டால் வாய் பழகிவிடுகிறது, கை தேடிப் போவதில்லை.

பட்டை கழுத்திலேயே இருக்க, கம்பி மட்டும் குழாயிலிருந்து வெளியே வந்திருந்தால் அது வேறு விஷயம், ஆபத்தான விஷயம். அன்று ராத்திரி மாட்டாதீர்கள், காலையில் கிளினிக்கைக் கூப்பிடுங்கள். நுனி முழுதும் உள்ளே போகாமல் இருந்திருக்கலாம், பட்டை தளர்ந்திருக்கலாம், கம்பியின் அகலம் மாறியிருக்கலாம். எது என்று அவர்கள்தான் பார்க்க வேண்டும். வாய்க்குள்ளிருந்து வெளியே வந்த நுனி, பட்டையோடு சேர்ந்தே முகத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது என்பதுதான் இங்கே கவலை. குழாயோடு பூட்டிக்கொள்ளும் வகை ஃபேஸ்போவும் உண்டு. தூக்கத்தில் புரளும் பழக்கம் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

சேஃப்டி கிளிப் மட்டும் அடிக்கடி டப்பென்று கழல்கிறதா? ஒன்று, சொன்ன துளையைவிட இறுக்கமாக மாட்டுகிறீர்கள். இல்லையென்றால் கிளிப் தேய்ந்துவிட்டது. நூல் போட்டுக் கட்டுவது, டேப் ஒட்டுவது எதுவும் கூடாது. கழல்வதுதான் அதன் வேலை.

யாராவது கம்பியைப் பிடித்து இழுத்துவிட்டால்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலத்துக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஹெட்கியரோடு உட்கார்ந்திருந்தேன். அக்காவின் நான்கு வயது மகள் மடியில் படுத்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சித்தி, இது என்ன?" என்று கேட்டபடியே உதட்டுக்கு முன்னால் இருக்கும் கம்பியை இரண்டு விரலால் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். "ஏய், விடு கையை!" என்று அக்கா ஓடி வருவதற்குள் இரண்டு பக்கக் கிளிப்பும் டப் டப்பென்று கழன்று பட்டை தோளில் விழுந்தது. கம்பி அவள் கையோடு அரை அங்குலம் வந்து நின்றது. கிளிப் கழலாமல் இருந்திருந்தால் பட்டை ரப்பர் மாதிரி நீண்டு, அவள் விரலை எடுத்த நொடியில் கம்பி திரும்பி என் முகத்தில் அடித்திருக்கும். அந்த நுனி போய்ச் சேரும் உயரத்தில்தான் கண் இருக்கிறது. அன்றிலிருந்து பிள்ளைகள் வீட்டுக்குள் வந்தால் முதல் வேலை கழற்றிப் பெட்டியில் வைப்பது.

கழற்றும் வரிசையும் அதனால்தான் மாறவே கூடாது. முதலில் இரண்டு பக்கப் பட்டையும் கொக்கியிலிருந்து. பிறகு இரண்டு கையாலும் பிடித்துக் கம்பி. பட்டை மாட்டியிருக்கும்போது கம்பியை வெளியே இழுத்து நெற்றிக்கு மேல் ஏற்றிவிடுவது, சோம்பலில் தலைக்கு மேல் உருவுவது, ஒருநாளும் கூடாது. பஸ், மோட்டார், பந்து விளையாட்டு, கூட்டம் எதிலும் மாட்டக் கூடாது. தண்ணீர்மலைக் கோயில் தைப்பூசக் கூட்டத்தில் மூன்று நாளும் அது என் வீட்டு அலமாரியில்தான் இருந்தது.

கம்பி நுனி கண்ணிலோ கண் ஓரத்திலோ பட்டுவிட்டால், வலி இல்லாவிட்டாலும், சிவக்காவிட்டாலும், உடனே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ராத்திரி என்றால் மருத்துவமனை அவசரப் பிரிவு. போக வழியில்லை என்றால் 999. "பல் கம்பி, வாய்க்குள் இருந்தது" என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். வாயில் இருக்கும் கிருமி கண்ணுக்குள் போனால் முதலில் ஒன்றும் தெரியாது. தெரியும்போது பார்வை போயிருக்கலாம். இதைப் பயமுறுத்த எழுதவில்லை. சின்னக் கீறல்தானே என்று யாரும் காலை வரை காத்திருந்துவிடக் கூடாது.

கழுத்தில் சொறி, வேர்க்குரு

நம் ஊர் வெக்கைக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பட்டையின் பஞ்சு வேர்வையைக் குடித்துக்கொண்டு, அடுத்த ராத்திரியும் ஈரமாகவே கழுத்தில் உட்கார்கிறது. இரண்டாவது பட்டை ஒன்று கேட்டு வாங்குங்கள். ஒன்றை மிதமான வெந்நீரிலும் சாதாரண சோப்பிலும் கையால் கசக்கி, காற்றாட நிழலில் காயப்போட்டு, மற்றதை மாட்டலாம். சேஃப்டி கிளிப்பைக் கொதிநீரில் போடாதீர்கள், பிளாஸ்டிக் நெளிந்துவிடும். அம்மா தன் பழைய கைத்தறிச் சேலையிலிருந்து நான்கு விரல் அகலத்தில் துண்டுகள் கிழித்துத் தந்தார். பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் அதை மடித்து வைக்கிறேன். வெள்ளைப் பருத்தி, பல முறை துவைத்தது, அதைவிட மெத்தென்று எதுவும் கிடைக்கவில்லை. பவுடர் போடாதீர்கள், வேர்வையோடு சேர்ந்து கட்டியாகி இன்னும் உரசும்.

கழற்றி ஒரு மணி நேரத்தில் மறையும் சிவப்புக் கோடு சாதாரணம். தோல் உரிந்து நீர் கசிந்தால் கிளினிக்குக்குச் சொல்லுங்கள். கம்பி படும் இடத்தில் மட்டும், கன்னத்திலோ உதட்டோரத்திலோ, அரிப்போடு தடித்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகும் ஆள் என்றால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

உதடு வெடிப்பு, எச்சில்

மாட்டுவதற்கு முன் வாயோரத்தில் வாசலின். முதல் இரண்டு வாரம் தலையணை நனையும், பிறகு நின்றுவிடும். மூக்கடைப்போடு வாய் திறந்து தூங்கினால் வெடிப்பு ஆறாது. முதலில் மூக்கைப் பார்க்க வேண்டும்.

உள்வளைவு முன்பல்லில் இடிக்கிறது

முன்பல்லுக்கும் உள்வளைவுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அது குறைந்து இப்போது படுகிறது என்றால் கடைவாய்ப் பல் பின்னால் போயிருக்கலாம், அதாவது நல்ல செய்தி. பிரேசஸில் முன்பல் நகர்ந்தும் இப்படி ஆகலாம். எதுவானாலும் கம்பியைத் திருத்தும் வரை முன்பல்லில் தேவையில்லாத அழுத்தம் விழும். அப்பாயின்ட்மென்டை முன்னால் நகர்த்தக் கேளுங்கள்.

பேண்ட் ஆடுகிறது, வாயில் கெட்ட வாசம்

கம்பியை உள்ளே தள்ளும்போது பேண்ட் பல்லின் மேல் ஏறி இறங்கினால், அல்லது ஒரு பக்கம் மட்டும் உப்புக் கரித்துத் துர்நாற்றம் அடித்தால், பேண்டை ஒட்டிய சிமென்ட் விட்டுவிட்டது. ஹெட்கியரை அன்றே நிறுத்துங்கள். ஆடும் பேண்டுக்கு அடியில் சாப்பாடு புகுந்து, வெளியே தெரியாமல் பல் சொத்தையாகும். எனக்கு இது தைப்பூசத்துக்கு அடுத்த நாள் நடந்தது. ரதம் வரும் வழியில் உடைத்த தேங்காய்ச் சில்லு ஒன்றை அத்தை கையில் வைத்தார், மறுக்க மனமில்லாமல் கடித்தேன். முறுக்கு, ஐஸ் கட்டி, மாங்கொட்டை எல்லாம் அந்தக் கணக்குத்தான். பேண்ட் முழுதாகக் கழன்று வந்தால் தூக்கிப் போடாமல் கழுவி எடுத்துப் போங்கள், சில சமயம் அதையே மறுபடி ஒட்டுவார்கள்.

சொன்ன மணி நேரம் வரவில்லை

பெரியவர்களுக்கு உண்மையான சிக்கல் இதுதான். பள்ளிப் பிள்ளை மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடும். எனக்கு ஷிஃப்ட் காலை 7 முதல் மாலை 7. பினாங்குப் பாலம் தாண்டிப் போகும் கம்பெனி பஸ் 5.45-க்கு, வீடு திரும்பும்போது ராத்திரி 8.15. டாக்டர் கேட்டது ஒரு நாளைக்கு 12 மணி நேரம். சாப்பாடு, குளியல், பிள்ளை படிப்பு எல்லாம் முடித்து மாட்டினால் காலை 5 வரை ஏழு மணி நேரம்கூடத் தேறவில்லை. பிரேசஸில் இருக்கும் ரப்பர் சங்கிலியோ 24 மணி நேரமும் இழுக்கிறது. நான் பிடித்து வைக்காத நேரமெல்லாம் கடைவாய்ப் பல் முன்னால் வருகிறது.

செய்தது இவ்வளவுதான். ராத்திரிச் சாப்பாட்டை கேண்டீனில் 6 மணி இடைவேளைக்கு மாற்றினேன். பஸ் ஏறும் முன் லாக்கர் அறையிலேயே பல் துலக்கிவிடுவேன். வீட்டுக்குள் நுழைந்து குளித்ததும் மாட்டிக்கொண்டுதான் மற்ற வேலை. ஹெட்கியரோடு பேசலாம், துணி மடிக்கலாம், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தரலாம்; அவனுக்கு 11 வயது, கம்பிப் பக்கம் கை வராது. எட்டரை மணி நேரம் ஆனது. விடுமுறை நாளில் 14 வரும். ஆனால் சனிக்கிழமை கூடுதலாக மாட்டுவது செவ்வாய்க்கிழமைக் குறையை ஈடு செய்யாது, பல் வங்கிக் கணக்கு மாதிரி சேர்த்து வைத்துக்கொள்வதில்லை.

அதனால் ஒரு நோட்டில் மாட்டிய மணி, கழற்றிய மணி எழுதி அப்படியே டாக்டரிடம் காட்டினேன். முதல் மூன்று மாதம் "12 மணி நேரம் மாட்டுகிறேன்" என்று பொய் சொல்லியிருந்தேன், திட்டுவாரோ என்ற பயத்தில். அவர் திட்டவில்லை. முன்பல்லை இழுக்கும் வேகத்தைக் குறைத்தார், சிகிச்சை சில மாதம் நீளும் என்றார். பொய்க் கணக்கை நம்பி இழுத்துக்கொண்டே போயிருந்தால், பல் பிடுங்கிக் கிடைத்த இடம் முழுதும் பின்னாலிருந்தே மூடியிருக்கும், முன்பல் துருத்தியபடியே நின்றிருக்கும். ஷிஃப்ட் வேலை செய்கிறவர்கள் தயவுசெய்து உண்மை மணி நேரத்தைச் சொல்லுங்கள். ராத்திரி ஷிஃப்டுக்கு மாறும் வாரத்தில் பகல் தூக்கத்துக்கு மாட்டுங்கள். பல்லுக்குப் பகலும் ராத்திரியும் ஒன்றுதான்.

கழுத்து இறுக்கம், தலைவலி

தலையணை உயரத்தைக் குறைத்துப் பாருங்கள். மல்லாந்து படுக்க வராதவர்கள் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் உடல் புரளாது. சொன்ன துளைக்கு மேல் ஒன்று இறுக்கினால் சீக்கிரம் முடியும் என்று செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இழுப்பு கூடினால் வலிதான் கூடும், பல் வேகமாக நகராது. ஒரு வாரத்துக்கு மேல் தலைவலி நீடித்தால் இழுப்பை அளந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அதற்கென்று கருவி வைத்திருப்பார்கள்.

கிளினிக்குக்குப் போன் செய்யும்போது

"வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் "அடுத்த வாரம் வாங்க" என்றுதான் வரும். எந்தப் பக்கம், எத்தனை நாளாக, பட்டை எந்தத் துளையில், கம்பி ஆடுகிறதா பேண்ட் ஆடுகிறதா என்ற நான்கையும் சொல்லுங்கள். மாட்டிய நிலையில் நேராக ஒன்று, இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று என மூன்று படம் எடுத்து அனுப்புங்கள். சேஃப்டி கிளிப், பேண்ட், கண் சம்பந்தப்பட்டது எதுவானாலும் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.